ஐம்பதில் ஒரு புது வண்டி

போன வருஷம் எனக்கு ஐம்பது முடிந்தது. வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாபகப்படுத்தியது என் டிரைவிங் லைசென்ஸ்தான். 1995ல் எடுத்தது. இருபது வருஷம் கழித்து 2015ல் புதுப்பித்தபோது, ஐம்பது வயது வரைக்கும் என்று தேதி போட்டுக் கொடுத்திருந்தார்கள். 2015ல் அந்தத் தேதி எங்கோ தூரத்தில் இருந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் வாசலில் வந்து நின்றுவிட்டது.

நாற்பது தாண்டியவர்கள் லைசென்ஸ் புதுப்பிக்க, டாக்டரிடம் 1ஏ படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். எங்கள் டாக்டர் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கண்ணாடியோடு கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் போனேன். "என்ன வண்டி ஓட்டறீங்க?" என்றார். சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இடுப்பு வலின்னு போன மாசம் வந்தது நீங்கதானே?"

புது லைசென்ஸ் அறுபது வயது வரைக்கும் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகத்தான் நீட்டிப்பார்கள். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். இப்போது ஒரு வண்டி வாங்கினால், ஐம்பதிலிருந்து அறுபது வரை என்னோடு இருக்கப்போகிறது அது. இருபது வயதில் வண்டி வாங்கியபோது பத்து வருஷம் கழித்து நான் எப்படி இருப்பேன் என்று நினைத்ததே இல்லை. இந்த முறை நினைத்தே ஆக வேண்டும்.

ஏற்காடு எத்தனை நிமிஷம்?

எனக்குச் சேலம். இருபது வயதில் எங்கள் கூட்டத்துக்கு இருந்தது ஒரே கேள்விதான்: அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏரிக்கு எத்தனை நிமிஷம்? நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். என்னிடம் இருந்தது செகண்ட் ஹேண்ட் ஆர்.எக்ஸ்.100. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன். அதன் எடை நூறு கிலோவைச் சுற்றி. என் எடை 58. அந்த வண்டியை 1985லிருந்து 1996 வரைதான் இந்தியாவில் செய்தார்கள். நான் வாங்கும்போது தயாரிப்பு நிற்கிற நேரம். ஆனால் சேலத்தில் கல்லூரி வாசல் ஒவ்வொன்றிலும் பத்தாவது நிற்கும்.

முன்னால் பின்னால் இரண்டுமே டிரம் பிரேக். ஏபிஎஸ் என்ற சொல்லையே கேள்விப்பட்டதில்லை. வளைவுக்கு முன்னால் கியரைக் குறைத்து, என்ஜின் இழுவையில் வேகம் தணித்து, காலைக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு திரும்புவோம். இன்று நினைத்தால் அடிவயிறு கலங்குகிறது. அன்று வண்டி கீழே விழுந்தால் ஒற்றைக் கையால் தூக்கி நிறுத்திவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று மட்டும் பார்ப்போம்.

பிறகு கல்யாணம், ஒரு பல்சர், ஆபீஸ் போக ஒரு ஸ்ப்ளெண்டர் என்று வாழ்க்கை ஒழுங்காகத்தான் போயிற்று. நாற்பத்து நான்கில் புத்தி தடுமாறியது. யூடியூபில் லடாக் வீடியோக்களாகப் பார்த்துப் பார்த்து, உயரமான பெரிய வண்டி ஒன்றை வாங்கினேன். பெயர் வேண்டாம். வண்டி மேல் ஒரு குற்றமும் இல்லை, அதை ஓட்டப் பிறந்தவர்கள் இருக்கிறார்கள். சீட்டு உயரம் 830 மில்லிமீட்டருக்கும் மேல். என் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். கணக்கு அங்கேயே இடிக்கிறது. ஆனால் ஷோரூம் வெளிச்சத்தில் யாருக்குக் கணக்கு தெரியும்? லடாக்குக்கு நான் இன்னும் போகவில்லை.

"விடுங்க அங்கிள்"

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க். டேங்க் நிரப்பிவிட்டு, பின்னால் காத்திருப்பவருக்கு வழிவிட வண்டியில் உட்கார்ந்தபடியே காலால் உந்தி நகர்த்தினேன். தரை கொஞ்சம் சரிவு, அதன் மேல் யாரோ சிந்திய டீசல். இடது காலின் நுனி விரல்தான் தரையில் இருந்தது. அது வழுக்கியது.

வேகம் பூஜ்யம். என்ஜின் ஆஃப். வண்டி மெதுவாக, மிக மெதுவாக, ஒரு பெரிய மாடு படுப்பது மாதிரி இடது பக்கம் சாய்ந்தது. பிடித்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த ஒரு கணத்தில்தான் இடுப்பில் சுரீர் என்றது. விட்டுவிட்டேன். நிரம்பிய டேங்கோடு வண்டி படுத்தது, நான் பக்கத்தில் நின்றேன். எங்கிருந்தோ இரண்டு பையன்கள் ஓடி வந்தார்கள். நான் குனியப் போனேன்.

"விடுங்க அங்கிள், நாங்க பாத்துக்கறோம்."

கிளட்ச் லிவர் உடைந்திருந்தது. கடையில் மாற்றிக்கொண்டேன். "அங்கிள்" மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

பிறகு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டி நேராக நிற்கும்போது கைக்கு எடையே தெரியாது, எல்லாவற்றையும் டயர் தாங்கிக்கொள்கிறது. சாயச் சாயத்தான் எடை நம் பக்கம் வருகிறது. 200 கிலோ வண்டி, அதன் எடை மையம் ஹேண்டில்பாரின் பாதி உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 10 டிகிரி சாய்ந்தால் ஹேண்டில்பாரில் ஏறத்தாழ 17 கிலோ தாங்க வேண்டும். 20 டிகிரியில் 34 கிலோ. 30 டிகிரியில் 50 கிலோ, ஒரு அரிசி மூட்டை. தோராயக் கணக்குதான், ஆனால் விஷயம் புரிந்துவிடும். முதல் பத்து டிகிரிக்குள் பிடித்தால் பிடித்தது. அதற்குப் பாதம் முழுசாகத் தரையில் இருக்க வேண்டும். நுனி விரலில் நிற்பவனுக்கு அந்தப் பத்து டிகிரி கிடைப்பதே இல்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. ஓட்டும்போது எனக்கு வயதாகவில்லை. அறுபதில் போனாலும் எண்பதில் போனாலும் அதே ஆள்தான், சொல்லப்போனால் முன்னைவிட நிதானமாக, நன்றாகவே ஓட்டுகிறேன். வயது தெரிவது வண்டி நிற்கும்போதுதான். சிக்னலில், பார்க்கிங்கில், பங்கில், வீட்டு வாசலில். வண்டிக்காரர்கள் பேசுவதெல்லாம் அது ஓடுவதைப் பற்றி. நான் வாங்க வேண்டியது நன்றாக நிற்கிற வண்டி.

பெரியப்பாவின் புல்லட்

இதை எனக்கு முப்பது வருஷத்துக்கு முன்பே ஒருவர் சொல்லியிருக்கிறார். காதில்தான் விழவில்லை.

பெரியப்பாவிடம் பழைய 350 புல்லட் இருந்தது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அந்த வண்டி கிளம்புவதே ஒரு சடங்கு. சாவியைப் போட்டு, டேங்குக்கு முன்னால் இருக்கும் ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல அழுத்துவார். முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஷர் லிவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, லிவரை விட்டுவிட்டு, உடம்பு எடை முழுவதையும் போட்டு ஒரே உதை. முறை தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கிய எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். பெரியப்பாவுக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

அறுபதை ஒட்டி ஒருநாள் அந்த வண்டியை விற்றுவிட்டு டி.வி.எஸ். மொபெட்டில் வந்து இறங்கினார். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஏன் பெரியப்பா, புல்லட்டு ஓட்ட முடியலியா?" என்றேன்.

"ஓட்டறதுக்கு என்னடா, இன்னிக்கும் மெட்ராஸ் வரைக்கும் ஓட்டுவேன். சென்டர் ஸ்டாண்டு போடத்தான் ஆள் தேட வேண்டியிருக்குது. ரோட்டுல போறவன 'தம்பி, ஒரு கை புடி'ன்னு எத்தன நாளைக்குக் கூப்புடறது? இதுன்னா நானே போட்டுக்கறேன்."

ஏதோ சாக்கு சொல்கிறார் என்று நினைத்தேன். பங்கில் இரண்டு பையன்கள் என் வண்டியைத் தூக்கி நிறுத்தியபோதுதான், அவர் காரணம் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது.

எதையெல்லாம் பார்த்தேன்

ஆறு மாதம் தேடினேன். நண்பர்கள் வண்டி, ஷோரூம் டெஸ்ட் டிரைவ், கெஞ்சி வாங்கிய ஒருநாள் இரவல் எல்லாம் சேர்த்து. என்னைப் போல ஐம்பதைத் தொட்டவர்களுக்கு உதவும் என்று நான் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் சீட்டு உயரம். விளம்பரத்தில் கடைசி வரியில் இருக்கும் இந்த எண்ணை இப்போது முதலில் பார்க்கிறேன். ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350க்கு 765 மில்லிமீட்டர். அதே என்ஜின் உள்ள கிளாசிக் 350க்கு 805. ஓசூரில் தயாராகும் டி.வி.எஸ். ரோனினுக்கு 795. ஹோண்டா ஹைனஸ் சிபி350க்கு 800. நாற்பது மில்லிமீட்டர் என்பது இரண்டு விரல் அகலம்தானே என்று தோன்றும். என் காலுக்கு அது குதிகால் தரையில் படுமா படாதா என்கிற வித்தியாசம். எண்ணை மட்டும் நம்பவும் வேண்டாம். சீட்டு முன்பக்கம் அகலமாக இருந்தால் தொடை விரிந்து உயரம் கூடிவிடும். தினமும் போடும் செருப்போடு, ஷூவோடு போய் உட்கார்ந்து பாருங்கள்.

இரண்டாவது எடை. மீட்டியார் 191 கிலோ, கிளாசிக் 195, ஹைனஸ் 181, ரோனின் 160. சேலத்து மெக்கானிக் தம்பி ஒரு யோசனை சொன்னான்: "சார், வண்டிய ஓட்டிப் பாக்கறதுக்கு முன்னாடி தள்ளிப் பாருங்க." அருமையான யோசனை. கீழே இறங்கி, இடது பக்கம் நின்று, பத்தடி முன்னால், பத்தடி பின்னால். ஷோரூம் பையன் விசித்திரமாகப் பார்ப்பான். பார்க்கட்டும்.

மூன்றாவது என்ஜின். இளவயதில் குதிரைத்திறனைத்தான் கேட்டோம். இப்போது டார்க்கைக் கேளுங்கள், அது எந்த ஆர்.பி.எம்.மில் வருகிறது என்று சேர்த்துக் கேளுங்கள். என்ஃபீல்டின் இந்த 349 சிசி என்ஜினுக்கு 20 குதிரைத்திறன்தான். ஆனால் 27 நியூட்டன் மீட்டர் டார்க் 4000 ஆர்.பி.எம்.மிலேயே முழுசாக வந்துவிடுகிறது. ஹைனஸில் அது 3000த்திலேயே 30. இதன் பொருள் என்னவென்றால், ஏற்காட்டு வளைவில் முன்னால் ஒரு பஸ் திணறிக்கொண்டு போனாலும், கியரைப் போட்டு மிதித்துக்கொண்டிருக்காமல் பின்னாலேயே அமைதியாக ஏறலாம். பஸ்ஸை முந்த வேண்டாமா என்று கேட்கிறீர்களா? ஏரி எங்கேயும் ஓடிப் போகாது.

நாற்பது குதிரைத்திறன் வண்டிகளையும் ஓட்டிப் பார்த்தேன், மறைக்கவில்லை. ட்ரையம்ஃப் ஸ்பீடு 400 ஐந்து நிமிஷத்துக்கு என்னை மறுபடி இருபது வயதுக்குக் கொண்டுபோய்விட்டது. அதனால்தான் வாங்கவில்லை. நான்கு வழிச்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு மத்திய அரசு 2018ல் வகுத்த உச்ச வேகமே 80 கிலோமீட்டர்தான். அந்த வேகத்திலேயே ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறோம். எதிரே நாய் குறுக்கே வருவதைக் கண் பார்த்து, கை பிரேக்கைத் தொடுவதற்குள் அந்த 22 மீட்டர் போயிருக்கும். வேகம் 60லிருந்து 100 ஆனால், பிரேக் பிடித்த பிறகு நிற்கும் தூரம் மூன்று மடங்கை நெருங்குகிறது. இரவில் எதிர் வண்டியின் வெளிச்சம் பட்டால் என் கண் தெளிய முன்பு போல இல்லை, இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கிறது. இந்தக் கணக்கையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்கு எழுபதே நல்ல வேகம்.

அதனால் நான்காவது, பிரேக். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா வண்டிக்கும் 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம். ஆனால் சில வண்டிகளின் குறைந்த விலை வகைகளில் முன் சக்கரத்துக்கு மட்டும் இருக்கும். இரண்டு சக்கரத்துக்கும் உள்ளதை வாங்குங்கள். மிச்சம் பிடிக்க வேறு எத்தனையோ இடம் இருக்கிறது. கூடவே ட்யூப்லெஸ் டயர். ஆணி ஏறினாலும் காற்று மெல்லத்தான் இறங்கும், ஊர் வந்து சேரலாம். ட்யூப் போட்ட ஸ்போக் சக்கரம் பார்க்க அழகுதான். வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு பஞ்சர் கடை தேடும்போது அந்த அழகு கண்ணில் படாது.

விலை விஷயத்தில் ஒரு அதிர்ஷ்டம் நடந்தது. 2025 செப்டம்பர் 22லிருந்து 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. 350க்கு மேல் 40 சதவீதமாக ஏறியது. என் ஆசை ஏற்கனவே 349ல் வந்து உட்கார்ந்திருந்தது. அரசாங்கமும் நானும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான்.

பின் சீட்டுக்காரி

மேலே சொன்னதெல்லாம் என் கணக்கு. வண்டியில் பாதி இடம் இன்னொருவருடையது. பழைய உயரமான வண்டியில் என் மனைவி ஏறுவது பரண் மேல் ஏறுவதற்குச் சமம். ஒரு கை என் தோளில், ஒரு கால் ஃபுட்ரெஸ்டில், "புடிச்சுக்கங்க, புடிச்சுக்கங்க" என்று ஒரு கூக்குரல். அவள் ஏறும்போது வண்டி ஆடும், நான் நுனி விரலில் தவிப்பேன். கடைசி இரண்டு வருஷம் "நீங்க போங்க, நான் பஸ்ல வர்றேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். சம்பளத்தை மிச்சம் பிடித்து வண்டி வாங்கியது, அவளை பஸ்ஸில் அனுப்பவா?

ஆகவே டெஸ்ட் டிரைவுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். சேலைதான். ஒரு பக்கமாக உட்கார்ந்து பார், கால் வைக்க இடம் இருக்கிறதா பார், பிடிக்கக் கம்பி எங்கே வருகிறது பார் என்றேன். ஷோரூமில் எல்லோரும் என்னிடம் மைலேஜ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

"சாஞ்சுக்க எதாச்சும் வருங்களா?"

வரும். மீட்டியாரில் பின்னால் சாய்ந்துகொள்ள ஒரு பேக்ரெஸ்ட் பொருத்திக்கொள்ளலாம். அதைப் போட்டுக் காட்டினார்கள். அவள் ஏறி உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு நான் கிளாசிக் பற்றிப் பேசவே இல்லை. அதன் மேல் எனக்கு இன்னும் ஒரு கண் உண்டு, அது வேறு விஷயம்.

கடைசித் தடை

முடிவாகிவிட்டது என்றுதானே நினைப்பீர்கள்? முப்பது கிலோ மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. ரோனினுக்கும் மீட்டியாருக்கும் உள்ள வித்தியாசம் அது. உட்கார்ந்திருக்கும்போது மீட்டியார் எனக்கு லேசாக இருந்தது, இரண்டு பாதமும் தரையில் இருந்ததால். இறங்கித் தள்ளும்போது ரோனின் லேசாக இருந்தது. எதை நம்புவது?

தீர்ப்பை என் வீட்டு வாசலிடம் விட்டேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் போலவே எங்கள் வீட்டுக்கும் சாக்கடைக்கு மேல் ஒரு சிமெண்டுச் சாய்தளம். இடம் மிச்சப்படுத்த வேண்டும் என்று அப்பா காலத்தில் செங்குத்தாகப் போட்டது. இரவல் மீட்டியாரை போர்டிகோவில் ஏற்றிவிட்டேன், அது என்ஜின் வேலை. காலையில் பின்னால் இறக்க வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டேன். பாதி வழியில் வண்டி என்னை இழுக்க ஆரம்பித்தது. பழைய சுரீர் ஞாபகம் வந்தது. எதிர்வீட்டு மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றார். உதவி தேவைப்படும் என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

அன்றிரவு ரோனின் என்று முடிவு செய்து படுத்தேன். காலையில் காபி குடித்துக்கொண்டே வாசலைப் பார்த்தபோதுதான் தோன்றியது: வண்டியை ஏன் மாற்ற வேண்டும்? மாற்ற வேண்டியது இந்தச் சாய்தளத்தை.

கொத்தனார் வந்தார். ஒரு நாள் வேலை. பழையதை உடைத்துவிட்டு, தெருவை மறிக்காமல் எங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே போர்டிகோ தரையை வெட்டி, சாய்வை இரண்டு மடங்கு நீளமாக்கிப் போட்டார். வழுக்காமல் இருக்கக் குறுக்கே கோடு கோடாகக் கீறிவிட்டார். "வண்டிக்காகவா இவ்வளவு?" என்று சிரித்தார். இப்போது என் மாமியார் அதில் கைப்பிடிக்காமல் ஏறி வருகிறார். யாருடைய முழங்காலுக்காகப் போட்டது என்று கேட்டால் எனக்கே தெரியாது.

அக்டோபரில் வண்டி வந்தது. வண்டிப் பணத்தில் ஒரு பங்கை முன்பே ஒதுக்கி, இருவருக்கும் நல்ல ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட், எனக்குக் கையுறை, ஒரு ஜாக்கெட் வாங்கினேன். முதல் ஞாயிறு ஏற்காடு போனோம். எத்தனை நிமிஷம் என்று பார்க்கவில்லை. பாதி மலையில் நிறுத்தி, அவள் கொண்டுவந்த இட்லியைத் தின்றோம், குரங்குகளுக்கு ஒளித்து. இருபது வளைவுக்கும் எண் பலகை வைத்திருக்கிறார்கள் என்பதை அவள் சொல்லித்தான் கவனித்தேன். முப்பது வருஷமாக அந்த மலையில் ஏறுகிறேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, புதுச் சாய்வில் வண்டியை ஏற்றி, சென்டர் ஸ்டாண்டு போட்டேன். கையால் தூக்கக் கூடாது, தெரியுமல்லவா? வலது காலை ஸ்டாண்டின் மேல் வைத்து, அதன் இரண்டு நுனியும் தரையில் படுவதை உணர்ந்து, உடம்பு எடையைக் காலில் இறக்கினால் போதும், வண்டி தானாகப் பின்னால் ஏறிக்கொள்ளும். டக். எதிர்வீட்டு மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

ஒருநாள் அவர் எழுந்து வர வேண்டியிருக்கும். அன்றைக்கு விற்றுவிடுவேன். மொபெட் கடை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.